அடையாறு பிறக்கும் இடத்தில் ஒரு காலை நடை: ஆதனூர் ஏரிக்கரை

ஏரிக்கரை நடையன் | ஞாயிறு, பகல் 12:10

போன வாரம் அடித்த மழையில் ஏரி நிறைந்திருக்கும் என்று நினைத்து இன்று காலை ஆதனூருக்குப் போய்வந்தேன். விடியற்காலைச் செங்கல்பட்டு வண்டியில் ஏறி ஊரப்பாக்கத்தில் இறங்கினேன். மேற்குப் பக்கம் ஒரு டீ, அப்புறம் ஷேர் ஆட்டோ. ஆறு மணிக்கெல்லாம் கரைமேல் இருந்தேன்.

சைதாப்பேட்டைப் பாலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிறோமே, அந்த அடையாறு இந்தப் பக்கத்தில்தான் தொடங்குகிறது. இங்கிருந்து ஏறக்குறைய 42 கிலோமீட்டர் ஓடிப் பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவில் கடலில் சேர்கிறது.

கரையில் வரிசையாகப் பனை. நாலைந்து மரங்களில் தூக்கணாங்குருவிகளின் பழைய கூடுகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. ஏரியின் உள்வாய்ப் பக்கம், அதாவது கரைக்கு உள்ளே தண்ணீர் தேங்குகிற பரப்பில், கருவேலந்தோப்பு. பாதி மரங்கள் முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கின்றன. கரையை விட்டு இறங்கித் தோப்போரம் நடந்தால் வெளிச்சமே மாறிவிடுகிறது. இலை பொடியாக இருப்பதால் வெயில் சல்லடையில் சலித்தமாதிரி விழுகிறது. அடியில் தண்ணீர், மேலே மஞ்சள் பூவுருண்டைகள், நடுவில் எங்கேயோ ஒரு செம்போத்து 'ஊப் ஊப்' என்று கூப்பிடுகிறது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

தோப்பு முடிகிற இடத்தில் தரை சேறாகி, சம்பங்கோரை ஆளுயரத்துக்கு நிற்கிறது. அதற்கு அந்தப் பக்கம் அல்லி. அங்கேதான் ஒரு நத்தை குத்தி நாரையைப் பத்தடி தூரத்தில் பார்த்தேன். அலகை முழுதாக மூடினாலும் நடுவில் சந்து தெரியும், அதை வைத்து அடையாளம் சொல்லிவிடலாம். தண்ணீருக்குள் தலையை விட்டுத் துழாவி ஒரு நத்தையை எடுத்தது. உடைக்கவில்லை. ஓட்டைத் தரையோடு அழுத்திப் பிடித்து, கீழ் அலகின் நுனியை ஓட்டின் வாயை அடைத்திருக்கும் மூடிக்கு அடியில் நுழைத்து, இரண்டு தரம் தலையைத் திருப்பியது. சதை முழுதாக வெளியே வந்தது. ஓடு கீறல்கூட இல்லாமல் கிடந்தது, போய் எடுத்துப் பார்த்தேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

கடைசியாகக் கலங்கல், ஏரி நிறைந்தால் உபரித் தண்ணீர் வழிகிற இடம். தண்ணீர் விரல் கனத்துக்கு வழிந்து விழுந்துகொண்டிருந்தது. கீழே கல்லில் பட்டு ஒரு சின்ன ஓடையாகப் போகிறது. ஒரே தாவலில் தாண்டிவிடலாம். அதுதான் ஆறு.

யாராவது அந்தப் பக்கம் போயிருக்கிறீர்களா? பார்த்ததைச் சொல்லுங்கள்.

தவிட்டுக்குருவி | ஞாயிறு, பகல் 12:48

அண்ணா, அல்லி இலைமேல் நடக்கிற பறவை ஏதாவது பார்த்தீர்களா? நான் இரண்டு வருடமாக நீளவால் இலைக்கோழியைத் தேடுகிறேன். பள்ளிக்கரணையில் தூரத்தில்தான் கிடைத்தது.

ஏரிக்கரை நடையன் | ஞாயிறு, பகல் 1:15

இருந்தது தம்பி. ஆனால் வால் நீளமாக இல்லையே, அதனால் வேறு ஏதோ என்று விட்டுவிட்டேன். வெள்ளை வயிறு, கழுத்தோரம் லேசான மஞ்சள். விரல்கள் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத நீளம்.

தவிட்டுக்குருவி | ஞாயிறு, பகல் 1:22

அதேதான் அண்ணா! நீள வால் இனப்பெருக்கக் காலத்தில் மட்டும்தான். மழைக்காலம் முடிகிற இந்தச் சமயத்தில் குட்டை வாலோடுதான் இருக்கும். அந்த நீள விரல்கள் உடம்புப் பாரத்தைப் பரப்பிவிடுவதால் இலை அமிழ்வதில்லை. இன்னொன்று, இந்த இனத்தில் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண்தான். பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும்.

நாமக்கோழிக் கூட்டம் இருந்தால் வானத்தையும் பாருங்கள். அவை திடீரென்று எல்லாம் ஒரே பக்கம் ஓடினால், மேலே சேற்றுப் பூனைப்பருந்து வட்டமிடுகிறது என்று அர்த்தம். வடக்கேயிருந்து குளிர்காலத்துக்கு வருவது அது. கோரைக்கு மேல் தாழ்வாக, இறக்கையை லேசாகத் தூக்கிப் பிடித்தபடி மிதக்கும். பறவைக்காக வருகிறவர்களுக்கு நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் சரியான காலம்.

முடிச்சூர்வாசி | ஞாயிறு, மாலை 4:05

நல்ல பதிவு சார். ஒரு சந்தேகம். அடையாறு மலைப்பட்டு ஏரியில் உற்பத்தியாகிறது என்று படித்திருக்கிறேன். நீங்கள் ஆதனூர் என்கிறீர்கள். எது சரி?

இதைக் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2015 டிசம்பர் 1 இரவு எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. கீழ்த்தளத்தில் சுவிட்ச் போர்டுக்கு மேல் ஒரு சாண். அம்மாவைத் தோளில் தூக்கி மாடிக்குக் கொண்டுபோனோம். அந்தக் கறை இன்னும் பூஜை அறைச் சுவரில் இருக்கிறது, வேண்டுமென்றேதான் வெள்ளையடிக்காமல் விட்டிருக்கிறேன். மனை விற்றவர் 'ஆறு தூரத்தில் இருக்கிறது, இந்தப் பக்கம் தண்ணீர் வந்ததே கிடையாது' என்றார். அவர் பெயர் இங்கே வேண்டாம்.

அன்றிலிருந்து ஆறு என்றாலே எனக்கு ஆகாது. பாலத்தில் போகும்போது அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டேன். இப்போது ஏழாவது படிக்கிற மகள் 'இந்த ஆறு எங்கேயிருந்து வருகிறது அப்பா' என்று கேட்கிறாள். என்னிடம் பதில் இல்லை. செம்பரம்பாக்கம் ஏரி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர் | ஞாயிறு, இரவு 7:30

தம்பி, மகளிடம் சொன்னதை முதலில் திருத்திவிடுங்கள்.

செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் சேரும் இடம் திருநீர்மலை அருகே. முடிச்சூர் அதற்கு மேல்பக்கம் இருக்கிறது. உங்கள் வீட்டுக்குள் வந்தது, மேலே இருக்கிற ஏரிகளெல்லாம் ஒரே நேரத்தில் நிரம்பி வழிந்த தண்ணீர். அந்த ஒரு நாளில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை. சென்னையில் ஒரு வருடத்துக்கே 140 செ.மீ. அளவில்தான் பெய்யும். மூன்றில் ஒரு பங்கு ஒரு நாளில் விழுந்தால் எந்த ஏரி தாங்கும்? சைதாப்பேட்டை, கோட்டூர்புரத்துக் கதை வேறு, அங்கே இரண்டு தண்ணீரும் சேர்ந்து போனது.

மலைப்பட்டா, ஆதனூரா என்றால் இரண்டும் சரி. காவிரிக்குத் தலைக்காவிரி என்று கைகாட்ட ஓர் இடம் இருக்கிறது. அடையாற்றுக்கு அப்படி ஊற்றும் கிடையாது, மலையும் கிடையாது. மலைப்பட்டு, மணிமங்கலம் பக்கமிருந்து மேற்கே ஒரு கை வருகிறது. ஆதனூர் பக்கமிருந்து தெற்கே ஒரு கை வருகிறது. இரண்டும் வழியில் இருக்கிற ஏரிகளின் உபரியை வாங்கிக்கொண்டு வரதராஜபுரம், முடிச்சூர் பக்கம் வரும்போதுதான் ஆறு என்று சொல்கிற அளவுக்கு ஆகிறது.

நான் வேலை பார்த்ததெல்லாம் ஏரிகளில்தான். ஓர் ஏரி நிறைந்தால் அதன் கலங்கல் வழியாக உபரி அடுத்த ஏரிக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. சங்கிலிமாதிரி. காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்தில் ஆயிரம் வருடத்துக்கு மேலாக இப்படித்தான். உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழுவே வருகிறது, 10ஆம் நூற்றாண்டு, முதலாம் பராந்தகன் காலம். கடைசி ஏரியின் கலங்கலுக்குக் கீழே மிச்சமாக ஓடுவதற்குத்தான் நாம் அடையாறு என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆகவே பிறப்பிடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் ஓர் இடத்தைத் தேடாதீர்கள். மழைக்கு நனைந்து கிடக்கிற அந்த மொத்தப் பரப்பும் பிறப்பிடம்தான்.

திருநீர்மலைக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று யோசித்தீர்களா? திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததாம். வடிவதற்கு ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்பது தலபுராணம். தண்ணீர் அங்கே நிற்கும் என்பது நம் ஆட்களுக்குப் புதிய செய்தி அல்ல.

படப்பை மண் | ஞாயிறு, இரவு 8:55

ஓவர்சியர் ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு. நீங்கள் கலங்கல் என்கிறீர்கள், எங்கள் ஊரில் 'ஏரி கோடி போகுது' என்போம். கோடி போனது என்று தெரிந்தால் ஊரே கரைக்கு ஓடும். மீன் ஏறும், பிள்ளைகள் வேட்டியை விரித்துப் பிடிப்பார்கள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள்.

என் தாத்தா நீர்க்கட்டி. எந்த மதகை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. கூலி நெல்லாக வரும். பழைய கலங்கல்களைப் பார்த்தால் மேலே வரிசையாகச் சின்னச் சின்னக் கற்களை நட்டிருப்பார்கள். மழைக்காலம் முடிகிற சமயத்தில் அந்தக் கற்களுக்கு நடுவே மண்ணும் புல்லும் வைத்து அடைத்து, ஏரியில் இன்னும் ஒரு முழம் தண்ணீரைப் பிடித்து வைப்பார்கள். அடைக்கிற நேரம் தப்பினால் வம்பு. சீக்கிரம் அடைத்தால் உள்வாயில் பயிர் வைத்தவன் சண்டைக்கு வருவான், தாமதமானால் வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கிற கடைமடைக்காரன் வருவான். தாத்தா மேற்கே மேகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்வார். அதன்படிதான் நடக்கும்.

இப்போது அந்த மதகுக்குக் கீழே வயல் இல்லை, மனை. மதகு மட்டும் நிற்கிறது.

மணிமங்கலம் பக்கம் போகிறவர்கள் ஏரிக்கரையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். நரசிம்மவர்மப் பல்லவன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்த களங்களில் ஒன்று அது. 7ஆம் நூற்றாண்டு. இன்றைக்கு அங்கே எருமை மேய்கிறது, எனக்கு அதுவும் பிடித்திருக்கிறது.

கோரைப்புல் | திங்கள், காலை 6:40

தாவரங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. பள்ளியில் தாவரவியல் எடுக்கிறேன், பிள்ளைகளை இந்தமாதிரி இடங்களுக்குக் கூட்டிப்போவது வழக்கம்.

நடையன் சார் எழுதிய கருவேலந்தோப்பு நாட்டுக் கருவேலம். ஏரி உள்வாயில் இதை நடுவது வனத்துறையின் வெகுநாள் வழக்கம். மாதக்கணக்கில் வேர் தண்ணீரில் நின்றாலும் பிழைக்கும், அதனால்தான். நீர்க்காகமும் கொக்கும் கூடு கட்டுவதற்கு இதன் முள் நல்ல காவல். வேடந்தாங்கலில் பறவைகள் கூடு வைக்கிற நீர்க்கடம்பு ஒரு பக்கம், கரிக்கிலி, வெள்ளோடு என்று எந்த ஏரிக்குப் போனாலும் கருவேலம் மறுபக்கம். கரையோரம் புதராக மண்டிக் கிடக்கிறதே, அது சீமைக்கருவேலம், வேறு சாதி. பூவைப் பார்த்தால் குழப்பமே வராது. நாட்டுக் கருவேலத்துக்கு உருண்டையான மஞ்சள் பூ, சீமைக்கு விரல்மாதிரி நீண்ட வெளிர்மஞ்சள் கொத்து. காயும் அப்படியே. நாட்டுக் கருவேலங்காய் மணிமணியாகக் கோத்த மாலைபோல் இடுங்கி இடுங்கி இருக்கும்.

தண்ணீரில் ஊதா நிறப் பூவோடு, காம்பு வெங்காயம்போல் உப்பி மிதப்பதைப் பலர் ஆகாயத்தாமரை என்கிறார்கள். அது வெங்காயத்தாமரை. தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. ஆகாயத்தாமரை குட்டி முட்டைக்கோசுபோல் வெளிர்பச்சையாக இருக்கும். வெங்காயத்தாமரை ஏரியை மூடினால் அடியில் வெளிச்சம் போகாது, அல்லி போய்விடும், அல்லி போனால் உங்கள் இலைக்கோழிக்கு நிற்க இடமில்லை. ஆதனூரில் அது எவ்வளவு இருந்தது சார்?

காடும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறவர்கள் இன்னொரு நாள் நன்மங்கலம் காப்புக்காட்டுப் பக்கம் போகலாம். ஆனால் அது வேறு நீர்ப்பிடிப்பு, அங்கேயிருந்து தண்ணீர் பள்ளிக்கரணைக் கழுவெளிக்குப் போகிறது. உசிலை, வெப்பாலை, காட்டு எலுமிச்சை, களா, சூரை என்று இந்தக் கடலோரத்துக்கே உரிய முட்காடு. மழை முடிந்த கையோடு போனால் வேலியில் செங்காந்தள் பற்றி ஏறியிருக்கும். காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும், அதை வாங்காமல் போகாதீர்கள்.

ஏரிக்கரை நடையன் | திங்கள், காலை 9:20

அக்கா, தென்மேற்கு மூலையில் ஒரு திட்டு இருந்தது. பாய் விரித்த அளவு. நடுவில் இல்லை. பூ பார்த்து மயங்கிப் படம் எடுத்தேன், இப்போது அதைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது.

தவிட்டுக்குருவி | திங்கள், பகல் 11:02

எல்லோரிடமும் ஒன்று கேட்கலாமா? இடத்தின் பெயரை இப்படிப் பொதுவில் எழுதுவது சரியா? ஒரு ஏரியில் நாரை கூடு வைத்திருக்கிறது என்று நண்பர் ஒருவர் எழுதினார். அடுத்த ஞாயிறு நாற்பது பேர். ஒருவர் மரத்தடி வரை போய்விட்டார். பறவைகள் எல்லாம் எழுந்துவிட்டன, வெயிலில் முட்டை அப்படியே கிடந்தது. கூடு இருக்கும் மரத்தை மட்டுமாவது சொல்ல வேண்டாம் என்பது என் எண்ணம்.

படப்பை மண் | திங்கள், பகல் 11:40

கூட்டைச் சொல்ல வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏரியைச் சொல்லுங்கள் தம்பி. யாரும் போகாத கரையில் ராத்திரி லாரி வருகிறது. இடித்த கட்டடக் குப்பை, கோழிக்கழிவு. எங்கள் பக்கத்து ஏரி ஒன்றில் அப்படியே கால் பங்கு மூடியது. காலையில் நாலு பேர் நடக்க ஆரம்பித்தார்கள், ஒரு பெண்மணி தினமும் நாயோடு வருவார், அவ்வளவுதான், லாரி வேறு இடம் பார்த்துக்கொண்டது. காலடி பட்டால்தான் அது ஏரி. படாவிட்டால் அது புறம்போக்கு.

கோரைப்புல் | திங்கள், பகல் 12:15

இருவரும் சொல்வது சரிதான். நான் பிள்ளைகளை எட்டு எட்டுப் பேராகத்தான் கூட்டிப்போவேன். பாட்டுப்பெட்டி கிடையாது, பளிச்சென்ற சட்டை கிடையாது, முதல் பத்து நிமிடம் யாரும் பேசக்கூடாது. அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு அவர்களாகவே பேச மாட்டார்கள்.

மூடிய ஷூ போடுங்கள். கரைச்சரிவில் எலிவளை நிறைய, எலி இருக்கும் இடத்தில் விரியனும் இருக்கும். மழை பெய்த மறுநாள் கரை வழுக்கும். கலங்கலில் வேகமாகத் தண்ணீர் போனால் மேலே ஏறவே வேண்டாம், பாசி பிடித்த கல் காலை வாரிவிடும்.

முடிச்சூர்வாசி | ஞாயிறு, மாலை 6:20

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். இன்று மகளோடு போய்வந்தேன்.

உண்மையைச் சொன்னால், கரை ஏறும்போது எனக்குக் கால் கூசியது. அவ்வளவு தண்ணீரை ஒரு மண்கரை பிடித்து நிறுத்தியிருக்கிறது என்பதைப் பார்க்கவே நெஞ்சு அடித்துக்கொண்டது. மகள் முன்னால் போய்விட்டாள். கோரைப்புல் மேடம் சொன்ன பத்து நிமிட விதியை அவள்தான் எனக்குப் போட்டாள்.

தோப்போரத்தில் நின்றோம். முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. முக்குளிப்பான் சிரிப்பதுபோல் ஒரு சத்தம், அது முக்குளிப்பான் என்று கையிலிருந்த படம் பார்த்து அவளே கண்டுபிடித்தாள். எங்கேயோ மீன் துள்ளுகிற சத்தம். ஆள்காட்டி ஒன்று எங்களைப் பார்த்து விடாமல் கத்தியது. இலைக்கோழியும் இருந்தது, தவிட்டுக்குருவி தம்பிக்குச் சொல்லச் சொன்னாள். மூன்று.

கலங்கலில் இப்போது தண்ணீர் குறைந்திருக்கிறது. விரல் கனம் இல்லை, ஈரம் கசிந்து வழிகிற அளவுதான். அவள் உள்ளங்கையை அதில் வைத்தாள், தண்ணீர் கையைச் சுற்றிக்கொண்டு இரண்டு பக்கமும் போனது. 'இதுவா நம்ம வீட்டுக்குள்ளே வந்தது?' என்று கேட்டாள். ஓவர்சியர் ஐயா எழுதியதை அவளுக்குச் சொன்னேன். ஓர் ஏரி, அடுத்த ஏரி, அதற்கடுத்தது, அன்றைக்கு எல்லாமே ஒன்றாக. கேட்டுக்கொண்டாள். பூவரசிலை ஒன்றை எடுத்து ஓடையில் விட்டுவிட்டு, சாயங்காலம் நம் பாலத்துக்கு வருமா என்றாள்.

வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஐந்து மணிக்கு வரதராஜபுரம் போகிற பாலத்தில் வண்டியை நிறுத்தினேன். 2015க்குப் பிறகு அங்கே நான் நின்றது இன்றுதான். அகலப்படுத்திய ஆற்றில் நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். கரையோரம் ஒரு மடையான் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. மகள் இருட்டும்வரை இலையைத் தேடினாள்.

ஐயாவுக்கு ஒரு கேள்வி: அந்த மேற்குக் கையை எங்கேயிருந்து பார்க்கலாம்?

ஓய்வுபெற்ற ஓவர்சியர் | ஞாயிறு, இரவு 7:45

மணிமங்கலம் ஏரிக்கரையிலிருந்து தொடங்குங்கள். பெரிய ஏரி, ஒரே நாளில் சுற்ற நினைக்காதீர்கள். முதலில் மதகுகளைக் காட்டுங்கள், தண்ணீர் போகிற வழி அவளுக்கே புரிந்துவிடும். முழங்கால் வலி இல்லாத நாளாக இருந்தால் நானும் வருகிறேன். மதகின் உள்ளே கல்லில் குழி எப்படி அமைத்திருக்கிறார்கள் என்பதைக் கையில் காட்டித்தான் சொல்ல முடியும்.

படப்பை மண் | ஞாயிறு, இரவு 8:10

ஐயா, தாம்பரத்திலிருந்து உங்களை நான் கூட்டிப்போகிறேன். என் வண்டியில் வந்துவிடுங்கள். மதகுப் பக்கம் முள் அதிகம், காலையில் நானே ஓர் அரிவாளோடு முன்னால் போய்விடுகிறேன்.

ஏரிக்கரை நடையன் | ஞாயிறு, இரவு 8:32

அப்படியென்றால் வருகிற ஞாயிறு காலை 5:45, மேற்குத் தாம்பரம் பேருந்து நிலையம். எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம், இப்போதே ஐந்து ஆகிவிட்டது. முடிச்சூர் தம்பி, மகளுக்கு ஒரு தொப்பி எடுத்து வாருங்கள், அந்தக் கரையில் மர நிழல் கிடையாது.